விஎம்சி செட்டிங் நாட்குறிப்பு: டூல் நீளமும் ஜாப் ஜீரோவும்

2024 ஜூன் 10, திங்கள்

கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஹைட்ராலிக் மேனிஃபோல்டு பிளாக் வேலை இன்று வந்து சேர்ந்தது. இஎன்8 உருக்கு, ஃபேஸ் மில், எண்ட் மில்கள், டிரில்கள், ரீமர், டாப் என்று டூல் மேகசினில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மெஷின், டூலைப் பிடித்துச் சுழற்றும் பிடி40 ஸ்பிண்டிலும் ஃபேனக் கண்ட்ரோலும் உள்ள விஎம்சி, அதாவது கணினி ஓட்டும் செங்குத்து வெட்டு மெஷின்.

செட்டிங்கைத் தொடங்கும்போது, ஐடிஐ முடித்துப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் பக்கத்தில் நின்று, "ஏனுங்கண்ணா, எச் மதிப்பு மைனஸ்ல வரணுங்களா, ப்ளஸ்ல வரணுங்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எச் என்பது ஒவ்வொரு டூலின் நீளத்தையும் பதியும் கட்டம்; ஜி54 என்பது ஜாப்பின், அதாவது வெட்டப்படும் பொருளின், பூஜ்யப் புள்ளி மெஷினில் எங்கே என்று பதியும் வரிசை; இசட் மேல்கீழ் அச்சு. அவள் முன்பு பார்த்த இடத்தில் ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல்முகத்தில் காகிதம் வைத்துத் தொட்டு, அப்போது மெஷின் காட்டும் இசட் அளவை அப்படியே எச்-இல் போட்டுவிட்டு, ஜி54 இசட்டைப் பூஜ்யமாக விட்டுவிடுவார்களாம். அந்த முறையிலும் ஜாப் சரியாகவே வரும். ஆனால் அங்கே எச்-இல் இருக்கும் மைனஸ் நானூற்றுச் சொச்சம் என்ற எண்ணுக்குள் டூலின் நீளமும் ஜாப்பின் உயரமும் கலந்து கிடக்கின்றன. ஜாப் மாறினால் அத்தனை டூல்களையும் மறுபடி தொட வேண்டும். ஓர் அளவு பிசகினால், பிசகியது டூலா ஜாப்பா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எச்-இல் டூலின் நீளம் மட்டும் இருக்க வேண்டும், ஜி54 இசட்டில் ஜாப் இருக்கும் இடம் மட்டும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எனவே ப்ளஸ்ஸில்தான் வரும் என்று சொன்னேன்.

2024 ஜூன் 11, செவ்வாய்

டூல் நீளத்தை மெஷினுக்கு வெளியே அளக்கும் பிரிசெட்டர் எங்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக, ஸ்பிண்டில் முகத்திலிருந்து சரியாக 150.000 மில்லிமீட்டர் நீளம் வரும்படி அரைத்து, அந்த அளவைத் தன் உடம்பிலேயே பொறித்த மாஸ்டர் பார் ஒன்று இருக்கிறது. டேபிளின் மேல் 50 மில்லிமீட்டர் உயர இசட் செட்டரை, அதாவது டயல் பொருத்திய தொடுகட்டையை, வைத்து, மாஸ்டர் பாரை ஹேண்ட்வீலால் இறக்கி, செட்டரின் டயல் முள் பூஜ்யத்தில் நிற்கும் இடத்தில் ரிலேட்டிவ் திரையில் இசட்டை 150.000 என்று பதிந்துகொண்டேன். அதன்பின் எந்த டூலை அதே செட்டரில் தொட்டாலும், முள் பூஜ்யத்துக்கு வரும்போது ரிலேட்டிவ் திரை காட்டுவது அந்த டூலின் நீளமே. டூல் குட்டையாக இருந்தால் ஸ்பிண்டில் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்க வேண்டியிருக்கும். எண் அந்த அளவுக்குக் குறையும். கணக்குப் போடும் வேலையே இல்லை.

காகிதத்தை நான் விரும்புவதில்லை. ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்று கையேடு சொல்லலாம். ஆனால் எண்ணெய் பட்ட காகிதமும் காய்ந்த காகிதமும் ஒன்றல்ல, இழுத்துப் பார்க்கும் இரண்டு கைகளும் ஒன்றல்ல. செட்டரின் உயரத்தை 50 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இன்று அதை டேபிளில் வைத்தேன். சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்டு யோஹான்சன் 1896ல் கண்டுபிடித்த அந்த எஃகுக் கட்டைகள்தான் இன்றும் எங்கள் பட்டறையின் கடைசித் தீர்ப்பு.

ஃபேஸ் மில்லில் கூடுதல் கவனம் தேவை. 63 மில்லிமீட்டர் கட்டரின் நடுப்பகுதி உள்வாங்கியிருப்பதால், ஸ்பிண்டில் மையத்தைச் செட்டருக்கு நேராக வைத்துத் தொட்டால் பல் தொடாது, உடம்பு தொட்டுவிடும். டேபிளைப் பக்கவாட்டில் நகர்த்தி, கட்டரைக் கையால் பின்னோக்கி மெல்லச் சுழற்றி, முள்ளை மிக அதிகமாக அசைக்கும் இன்சர்ட் எது என்று பார்த்து, அந்தப் பல்லின் அளவையே எடுக்க வேண்டும். டிரில்லுக்கு முனைதான் நீளம். ஆகவே துளை மறுபக்கம் முழு விட்டத்தில் வெளிவர, 118 பாகை முனைக்கு விட்டத்தில் 0.3 பங்கு கூடுதல் ஆழம் தர வேண்டும். 10 மில்லிமீட்டர் டிரில் என்றால் 3 மில்லிமீட்டர். அதைப் ப்ரோகிராமில்தான் தர வேண்டும்; எச்-இல் கைவைக்கக் கூடாது.

ஒவ்வொரு ஹோல்டரையும் ஏற்றுமுன் கூம்பைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒரு முறை தடவிப் பார்க்கும் வழக்கத்தை அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தேன். அங்கே ஒட்டிய மெல்லிய சில்லு கண்ணுக்குத் தெரியாது. டூல் நீளத்தில் தெரியும், ரன்அவுட்டில், அதாவது சுழலும்போது வரும் தள்ளாட்டத்தில், இன்னும் நன்றாகத் தெரியும்.

2024 ஜூன் 12, புதன்

இன்று ஜாப் ஜீரோ. வைஸின் நிலைத்தாடையை டயல் ஓட்டி நேர்ப்படுத்தி, பிளாக்கைப் பேரலல் கட்டைகளின் மேல் இருத்திய பின், விளிம்பைக் கண்டுபிடிக்கும் 10 மில்லிமீட்டர் எட்ஜ் ஃபைண்டரை ஸ்பிண்டிலில் மாட்டி 500 ஆர்பிஎம்மில் சுழலவிட்டேன். இந்தக் கருவியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தொடக்கத்தில் கீழ்த்துண்டு தள்ளாடிக்கொண்டு சுற்றும். பக்கச் சுவரை நெருங்க நெருங்கத் தள்ளாட்டம் அடங்கி, மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒரே உருளைபோல் அசையாமல் நிற்கும். ஹேண்ட்வீலில் இன்னும் ஒரு கோடு, அதாவது 0.01 மில்லிமீட்டர் நகர்த்தியதும் கீழ்த்துண்டு சட்டென்று பக்கவாட்டில் விலகும். அந்த விலகல்தான் அளவு. இடதுபக்கச் சுவரில் அது நிகழும்போது ஸ்பிண்டில் மையம் சுவருக்கு 5 மில்லிமீட்டர் இடப்புறம் இருப்பதால், ஜி54 வரிசையில் எக்ஸ்-5. என்று தட்டி மெஷர் பொத்தானை அழுத்தினேன்; பூஜ்யம் எங்கே என்று மெஷினே கணக்கிட்டுக்கொள்ளும். ஒய் அச்சுக்கும் அவ்வாறே. ஐந்தின் குறியை மாற்றிப் போட்டால் ஜாப் முழுவதும் 10 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும் என்பதால், எக்ஸ்0 ஒய்0-க்கு ஸ்பிண்டிலை அனுப்பி, மையம் பிளாக்கின் மூலைக்கு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இசட்டுக்கு மறுபடி மாஸ்டர் பார். இசட் செட்டரைப் பிளாக்கின் மேல்முகத்தில் வைத்துத் தொட்டபோது மெஷின் அளவு -260.000 என்று காட்டியது. பார் 150, செட்டர் 50, இரண்டும் சேர்ந்து 200. நீள ஈடு ஜி49-இல் நீக்கப்பட்ட நிலையில் இசட்200. என்று தட்டி மெஷர் அழுத்த, ஜி54 இசட் -460.000 ஆனது. இனி நீள ஈட்டைச் சேர்க்கும் ஜி43 கட்டளை எந்த எச்-ஐ அழைத்தாலும் மெஷின் இந்த -460-உடன் அந்த டூலின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்துக்கு முன், எல்லா ஜாப் ஜீரோக்களையும் ஒன்றாக நகர்த்தும் 00 இஎக்ஸ்டி வரிசையில் இசட்டுக்கு ப்ளஸ் 100 கொடுத்து, வெட்டு முழுவதையும் காற்றில் ஓட்டிப் பார்த்தோம். பிறகு அதைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக்கில், வெட்டாத வேக நகர்வான ரேபிட்டை 25 சதவீதத்துக்குக் குறைத்து, ஜி43 வரியில் இசட்100. வந்து நின்றதும் டூல் முனைக்கும் ஜாப்புக்கும் நடுவில் எஃகு அளவுகோலை நிறுத்தி, 100 மில்லிமீட்டர் இருப்பதை உறுதிசெய்தோம். டூல் 7-க்கு எச்8 என்று எங்காவது எழுதப்பட்டிருந்தால் அது பிடிபடும் இடம் இதுதான். ஒரு டூலுக்கு அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை அவசரம் என்று சொல்லி விட்டுவிடுவதை நான் எந்த நாளும் ஏற்க மாட்டேன்.

2024 ஜூன் 13, வியாழன்

பம்ப் பிராக்கெட் வேலை ஒன்று அவசரமாக நடுவில் வந்ததால் வைஸைக் கழற்றி ஃபிக்ஸ்சர் ஏற்றினோம். அதன் ஜீரோ, லேத்தில் ஏற்கெனவே குடைந்த துளையின் மையம். லீவர் டயலை ஸ்பிண்டிலில் மாட்டிக் கையால் சுற்றி, நான்கு திசையிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை நகர்த்தி, ஜி54 போன்ற அடுத்த வரிசையான ஜி55-இல் எக்ஸ்0, ஒய்0 மெஷர். இசட்டுக்கு மாஸ்டர் பாரால் ஒரே ஒரு தொடுதல். தேவையான டூல்கள் ஏற்கெனவே மேகசினில் இருந்தன; எச் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கம் தேவைப்படவில்லை.

2024 ஜூன் 15, சனி

மேனிஃபோல்டு மறுபடி ஏறியது. காலையில் ஸ்பிண்டிலைச் சூடேற்றாமல் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மதியத்துக்குள் எல்லா ஆழங்களும் 0.03 மில்லிமீட்டர் கூடியிருந்தன. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு ஏறக்குறைய 11 முதல் 12 மைக்ரான் நீளும். தாங்கிகளின் சூட்டில் ஸ்பிண்டில் கீழ்நோக்கி வளரும்போது எல்லா டூல்களும் சேர்ந்தே இறங்கும். ஆகவே எச்-களைத் தொடாமல், இஎக்ஸ்டி இசட்டில் ப்ளஸ் 0.03 மட்டும் கொடுத்தேன், அளவுகள் திரும்பின. இரண்டு மணி நேரம் கழித்து, ஃபினிஷிங் எண்ட் மில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் மட்டும் 0.02 குறைந்தது. மற்றவை அப்படியே இருந்ததால் இது அந்த ஒரு டூலின் தேய்மானம். அதன் தேய்மான (wear) கட்டத்தில் மைனஸ் 0.02 போட்டேன்.

இரவு ஷிஃப்டுக்கான தாளில் டூல் நீளங்கள், ஜி54, ஜி55 மதிப்புகள் ஆகியவற்றோடு, இஎக்ஸ்டியில் 0.03 நிற்கிறது என்பதையும் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். திங்கள் காலை மெஷின் குளிர்ந்து கிடக்கும். முதலில் இருபது நிமிடம் ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு, அந்த 0.03-ஐ எடுத்துவிட்டு, மாஸ்டர் பாரால் இசட்டைப் புதிதாகத் தொட வேண்டும். அதை அவளே செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.