பழைய பேரிங் ஹவுசிங்கை ஸ்கேன் செய்து வரையும்போது

கோவைப் பக்கம் பம்ப் பட்டறைகளுக்கு அடிக்கடி வருகிற வேலை இது. வரைபடம் தொலைந்துபோன பழைய பம்ப், விரிசல் விட்ட பேரிங் ஹவுசிங் (பேரிங்கைத் தாங்கும் வார்ப்புக் கூடு), கூடவே "இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்ற ஒற்றை வரி. வெர்னியரையும் ரேடியஸ் கேஜையும் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் அளந்ததை ஸ்கேனர் சீக்கிரம் முடித்துவிடுகிறது. ஆனால் அது காட்டுவது ஹவுசிங் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே. வார்ப்பின்போது கோர் (உள்குழிவை உருவாக்கும் மணல் கட்டி) நகர்ந்தது, வருடக்கணக்கான தேய்மானம், பேரிங் கழற்றும்போது விழுந்த சுத்தியல் அடி எல்லாம் ஸ்கேனர் தரும் மெஷ்ஷில், அதாவது முக்கோணங்களால் ஆன மேற்பரப்பில், இருக்கும். அதற்குள்ளிருந்து, முதலில் வரைந்தவர் நினைத்த அளவை மீட்பதுதான் கேட் (CAD, கணினி வரைவு) வேலை.

மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்.டி.எல் கோப்பில் அலகு என்பதே கிடையாது, வெறும் எண்கள்தான். மில்லிமீட்டரில் எடுத்ததை மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அதனால் கோப்பைத் திறந்ததும், வெர்னியரில் ஏற்கெனவே அளந்த ஒரு நீளத்தைத் திரையில் அளந்து பார்த்துவிட வேண்டும். அடுத்தது கோப்பின் அளவு. பைனரி எஸ்.டி.எல்-இல் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். 20 லட்சம் முக்கோணம் என்றால் 100 எம்.பி. மெஷ்லேப் மென்பொருளில் இரண்டு மூன்று லட்சமாகக் குறைத்தால் வரைவதற்குத் தாராளம். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், கடைசியில் ஒப்பிட அதுதான் வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை, மெஷ்ஷை அப்படியே சாலிடாக (கேட் கன மாடலாக) மாற்றிவிடலாமே என்பது. மாற்றலாம்தான். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு முகமாக மாறும், கணினி திணறும். மாறி முடிந்த பிறகும் துளையில் விட்டம் இருக்காது, ஃபில்லட்டில் (வளைத்த மூலையில்) ஆரம் இருக்காது. திருத்த எதுவுமே இருக்காது. மெஷ்ஷை அடியில் வைத்து மேலே புதிதாக வரைவதே கடைசியில் வேகமான வழி.

அதற்கு முன் அலைன்மென்ட், அதாவது மெஷ்ஷை அச்சுகளுக்கு நேராக நிறுத்துவது. பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்கேனர் தன் போக்கில் ஓர் ஆய அச்சு அமைப்பைக் கொடுத்திருக்கும், மெஷ் கோணலாகக் கிடக்கும். வார்ப்பு முகங்களை நம்பாமல் மெஷினிங் செய்த முகங்களைத் தேட வேண்டும். பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) முகத்தில் தளம் பொருத்தி முதல் திசையைப் பிடிக்கலாம். பேரிங் போரில் (பேரிங் உட்காரும் துளையில்) உருளை பொருத்தினால் அச்சு கிடைக்கும், சுழற்சியை ஹவுசிங் காலின் அடித்தளம் நிறுத்தும். தளம் பொருத்தும்போது விளிம்பு முக்கோணங்களை விட்டுவிட வேண்டும். ஸ்கேனில் கூர்மையான விளிம்பு எப்போதும் மழுங்கித்தான் வரும். அதையும் சேர்த்தால் தளம் சாயும்.

அச்சு கிடைத்ததும் வெட்டுமுகங்கள். ஃப்யூஷன் என்ற கேட் மென்பொருளில் மெஷ் செக்‌ஷன் ஸ்கெட்ச் போட்டு, கிடைக்கும் கோட்டின் மேல் நேர்கோடும் வில்லும் பொருத்தலாம். ஸ்ப்ளைன் (புள்ளிகள் வழியே வளையும் கோடு) வேண்டாம், ஸ்கேனின் நடுக்கத்தையெல்லாம் அது விசுவாசமாகப் பின்பற்றும். வார்ப்புச் சுவரை, டிராஃப்ட் கோணம் (பேட்டர்னை மணலிலிருந்து எளிதாக உருவ விடும் சரிவு) தொடங்கும் பிரிவுக்கோட்டுக்கு, அதாவது அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டுக்கு, இருபுறமும் தனித்தனியாக வெட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வெட்டில் சுவர்த் தடிமனை முடிவு செய்தால், ஒன்றிரண்டு டிகிரி டிராஃப்ட் தவறிவிடும்.

எண்களுக்கு மெஷ்ஷைக் கேட்கக் கூடாத இடங்கள் உண்டு. போர் 61.87 மி.மீ என்று வரும். பளபளப்பான இடத்தில் அடித்த வெள்ளை ஸ்ப்ரேயின் படலமும் அதில் சேர்ந்திருக்கும். ஆழமான போருக்குள் கேமரா சரியாகப் பார்த்திருக்கவும் முடியாது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தது 6206 பேரிங், அதன் வெளி விட்டம் 62. ஆகவே போர் 62 எச்7 (துளைக்கான தர நிலை டாலரன்ஸ்), அதாவது 62.000 முதல் 62.030 வரை. பேரிங், ஆயில் சீல், திரெட், கீவே (சாவிக்கட்டைக்கான பள்ளம்) எதுவாக இருந்தாலும் அட்டவணையைத்தான் கேட்க வேண்டும். போல்ட் துளைகளின் பி.சி.டி-யை (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டத்தை) எல்லா மையங்கள் வழியாகவும் ஒரு வட்டம் பொருத்தி எடுத்து, அதன் பிறகு முழு எண்ணுக்குக் கொண்டுவரலாம்.

மாடல் முடிந்ததும் மூல மெஷ்ஷுடன், விலகலை நிறத்தால் காட்டும் வண்ணப்படத்தில் ஒப்பிடுவார்கள்; பச்சை என்றால் விலகல் இல்லை. முழுக்கப் பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்: தேய்மானத்தையும் சேர்த்து வரைந்திருக்கக்கூடும். ஒரு பக்கச் சுவர் மட்டும் சீராக 1 மி.மீ விலகினால் கோர் நகர்ந்திருக்கலாம், மாடலைத் தொட வேண்டியதில்லை. பெஸ்ட் ஃபிட்டில் (மென்பொருளே மொத்த விலகல் குறையும்படி பொருத்துவதில்) ஒப்பிட்டால் இந்தப் பிழைகள் எங்கும் பரவி மறைந்துவிடும். வரையப் பயன்படுத்திய அதே அலைன்மென்டில்தான் ஒப்பிட வேண்டும்.

பிறகு பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும் கடை. சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காகப் பேட்டர்னில் கூட்ட வேண்டியது சுமார் 1 சதவீதம், மெஷினிங் முகங்களில் வெட்டி எடுக்க விடும் மிச்சம் தனி. சில சமயம் உடைந்த வார்ப்புக்குப் பதிலாகக் கிடங்கில் கிடந்த பழைய மரப் பேட்டர்னையே ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அதில் சுருக்கம் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கும். தெரியாமல் இன்னொரு முறை கூட்டினால் 300 மி.மீ கால் 303 ஆக வந்து நிற்கும், வார்ப்பிலேயே விட்ட துளைகள் பேஸ் பிளேட் போல்ட்டில் உட்காராது.