பாறையில் எண்ணெய் இருக்கிறது, சரி, வெளியே வருமா?

2011-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, கலிஃபோர்னியாவின் மான்டரே ஷேல் என்ற படிவுப் பாறையடுக்கில் 1,540 கோடி பேரல் எண்ணெய் எடுக்கலாம் என்றது. 2014-ல் அதே நிர்வாகம் அதை 60 கோடியாகக் குறைத்தது. மூன்று வருடத்தில் 96 சதவீதம் காணாமல் போனது, பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மடிந்தும் உடைந்தும் கிடக்கும் அந்தப் பாறையிலிருந்து நிறைய எண்ணெய் எப்போதோ நகர்ந்து மேலடுக்குகளுக்குப் போயிருந்தது. மிச்சத்தை எடுக்கத் தோண்டிய கிணறுகளும் எதிர்பார்த்த அளவு தரவில்லை.

ஷேல் மாதிரிகளோடு தினமும் புழங்குகிறவன் என்பதால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு சிட்டிகை பாறைப் பொடியை ராக்-எவல் மெஷினில் வைத்து 300 டிகிரியில் சூடாக்கினால் ஆவியாகி வருவது எஸ்1, அதாவது ஏற்கெனவே உருவாகிப் பாறைக்குள் இருக்கும் எண்ணெய். பலர் அதைப் பார்த்ததுமே கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பாறையில் கிராமுக்கு 4 மில்லிகிராம் எண்ணெய், கரிமக் கார்பன் (உயிர்ப்பொருள்களிலிருந்து வந்த கார்பன்) 5 சதவீதம். இன்னொன்றில் எண்ணெய் 3 மில்லிகிராம்தான், கார்பன் 2 சதவீதம். எதைத் தோண்டுவீர்கள்? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எண்ணெயைக் கார்பனால் வகுத்து நூறால் பெருக்கினால் முதலாவது 80, இரண்டாவது 150. புவிவேதியியலாளர் டேனியல் ஜார்வி சொன்ன 100 என்ற கோட்டைத் தாண்டினால்தான் எண்ணெய் நகரும் என்று நம்பலாம், அதற்குக் கீழே இருப்பதை, அந்தக் கார்பன் நிறைந்த திடக் கரிமப்பொருளான கெரோஜன் பஞ்சு மாதிரி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறை மாதிரியை, அதாவது கோர் என்பதை, உடைத்ததும் குப்பென்று பெட்ரோல் வாசனை வரும், புதிதாகச் சேர்ந்தவர்கள் முகம் மலர்ந்துவிடும், எனக்கோ பதறும், ஏனென்றால் சுலபமாக ஓடக்கூடிய லேசான எண்ணெய்தான் அப்படிக் காற்றில் போகிறது. அதனால்தான் சில இடங்களில் கிணற்றடியிலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். கனமான எண்ணெயில் ஒரு பகுதியோ 300 டிகிரியில் வராமல் அடுத்த கட்டமான எஸ்2-க்குள், அதாவது இன்னும் சூடாக்கும்போது கெரோஜன் உடைந்து வருவதற்குள், ஒளிந்துகொள்ளும். கரைப்பானில் கழுவி மறுபடி ஓட்டினால் அந்த வித்தியாசம் தெரியும். அதையும் சேர்த்து மொத்த எண்ணெய் என்று எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் எடுக்கக்கூடிய எண்ணெய் என்று எழுதாதீர்கள், அது பாறையோடு ஒட்டிக்கிடப்பது.

அப்புறம், தயவுசெய்து கோர் மேலே வந்த தேதியையும் மெஷினில் போட்ட தேதியையும் ரிப்போர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள்.