எட்டுக் கயிறும் என்எம்எம்எஸ்ஸும்

பிப்ரவரி வந்துவிட்டால் நடுநிலைப் பள்ளியில் எல்லா வேலையும் எட்டாம் வகுப்பின் தலையில்தான் வந்து விழும். ஆண்டு விழா மேடைக்கு வளர்ந்த பிள்ளைகள் வேண்டும். என்எம்எம்எஸ் எனும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எழுதுவதும் அவர்கள்தான். மார்ச்சில் சேர்க்கைப் பேரணிக்குப் பதாகை பிடிப்பதும் அவர்கள்தான். போன ஆண்டு இந்த நெரிசலில் எங்கள் பகுதிநேரக் கலை ஆசிரியையிடம் நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று கேட்டார். அது இன்னும் தீரவில்லை.

நான் சொன்னது இது: “அந்தப் புள்ளைய கோலாட்டத்துலேர்ந்து எடுத்துருங்க டீச்சர். பரீட்சை நெருங்கிருச்சு. வேற யாரையாவது போட்டுக்கலாம்.”

“போடலாம் சார். ஆனா அந்த எட்டுப் பேருல இன்னும் ரெண்டு பேரு என்எம்எம்எஸ் எழுதுறாங்க. அவங்கள ஏன் கேக்கல?”

“அவங்க ஆடட்டும் டீச்சர்.”

“சரி சார்.”

இவ்வளவுதான். சண்டையில்லை, முகச்சுளிப்பில்லை. சொல்லும்போது “ஆடட்டும்” என்பது பெருந்தன்மையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. அந்த இருவரும் தேற மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டதை அவரிடம் நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது சின்ன நியாயமில்லை. தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. 2008-இல் திட்டம் தொடங்கியபோது 6,000, அது 2017-இல் இரட்டிப்பானது. நான்கு ஆண்டில் 48,000. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளிப் பெற்றோரில் அந்த வரம்பின் பக்கத்தில்கூட யாரும் கிடையாது. எட்டாவதோடு பெண்பிள்ளையை நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீட்டில் இந்தப் பணம் ஒரு பேச்சை மாற்றும். மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இடம் குறைவு. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 பேர்தான். தாளுக்கு 90 மதிப்பெண். இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால் தகுதி. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 32 சதவீதம், அதற்கு 58 மதிப்பெண் வேண்டும். தகுதி பெற்றாலே பணம் வந்துவிடாது. இட ஒதுக்கீட்டின்படி போடுகிற பட்டியலில் பெயர் வர வேண்டும். அதற்கு 72 போதாது என்பது இரண்டு முறை பிள்ளைகளை அழைத்துப்போன எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

இதில் எஸ்ஏடி எனப்படும் படிப்பறிவுத் தாளைச் சமாளித்துவிடலாம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற பிள்ளை தேறிவிடும். எம்ஏடி எனப்படும் மனத்திறன் தாள்தான் வம்பு. எண் தொடர், குறியீட்டு மொழி, இரத்த உறவு, திசை, பகடை, வென்படம், கண்ணாடி பிம்பம், நீர் பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்று பதினைந்து வகைக்கு மேல் போகும். இதில் எதுவும் தினசரி பீரியடில் வராது. தனியாகத்தான் நடத்த வேண்டும். ஒரு வகைக்கு இரண்டு மாலை கணக்கு: முதல் நாள் முறை, மறுநாள் கடிகாரம் வைத்து இருபது நிமிடத்தில் இருபது கேள்வி, பிறகு தப்பானதை மட்டும் பலகையில் போட்டுப் பேசுவது. ஒரு பிள்ளை இரண்டு மாலை வரவில்லையென்றால் ஒரு வகையே போய்விடும். பகடையில் எதிரெதிர்ப் பக்கம் கண்டுபிடிப்பதை வீட்டில் யார் சொல்லித்தருவார்கள்?

ஓஎம்ஆர், அதாவது வட்டத்தைக் கறுப்பாக்குகிற விடைத்தாள், இன்னொரு தலைவலி. எங்கள் பிள்ளைகள் அந்தத் தாளை முதன்முதலாகப் பார்ப்பதே இந்தத் தேர்வில்தான். தெரியாத கேள்வியைத் தாண்டுகிறபோது வட்டத்தைத் தாண்ட மறந்துவிடுவார்கள். 23-ஐ விட்டுவிட்டு 24-இன் விடையை 23-இல் கறுப்பாக்கினால் அதிலிருந்து கீழே எல்லாம் ஒரு படி ஏறி நிற்கும். அதனால் நகல் எடுத்த ஓஎம்ஆரில் வாரம் ஒருமுறையாவது எழுத வைக்க வேண்டும். பத்துப் பத்தாக நிறுத்தி வினா எண்ணையும் வட்ட எண்ணையும் ஒத்துப்பார்க்கப் பழக்க வேண்டும். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதே என்பதை எத்தனை முறை சொன்னாலும் விட்டுவிட்டு வருகிற பிள்ளை உண்டு. தப்பாக எழுதினால் டீச்சர் திட்டுவார் என்ற பழக்கம்தான், வேறென்ன.

இத்தனையும் மாலை 4.10 மணிக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். காலையில் வைக்கலாமே என்பார்கள். பக்கத்துக் குக்கிராமத்துப் பிள்ளைகள் வருகிற டவுன் பஸ் முதல் மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து நிற்கும். ஆகவே மாலைதான். ஆண்டு விழா ஒத்திகைக்கும் அதே மாலைதான்.

கோலாட்டத்தில் ஒரு பிள்ளையை மாற்றுவது பெரிய வேலையா என்று நினைத்துத்தான் அப்படிக் கேட்டேன். அவர் எடுத்திருந்தது சாதாரணக் கோலாட்டம் இல்லை, பின்னல் கோலாட்டம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து எட்டுக் கயிறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கயிறு, இடக்கையில் கோலோடு சேர்த்துப் பிடித்திருக்கும். நால்வர் வலமாக, நால்வர் இடமாகச் சுற்றுவார்கள். எதிரில் வருகிறவளுக்கு ஒருமுறை உள்ளே, அடுத்தவளுக்கு வெளியே என்று மாறி மாறிப் போனால் மேலிருந்து கீழாகப் பின்னல் இறங்கும். பின்னல் இறங்க இறங்கக் கயிறு குட்டையாகும், வட்டம் சுருங்கும். கயிறு ஒரு கை நீளத்துக்கு வந்ததும் பாட்டில் அடையாளம் வைத்த இடத்தில் எல்லாரும் திரும்ப வேண்டும். வந்த வழியே அச்சுப் பிசகாமல் எதிர்த்திசையில் போனால்தான் பின்னல் அவிழும். யாராவது ஒருத்தி ஒரே ஒரு இடத்தில் உள்ளே போக வேண்டியதற்கு வெளியே போயிருந்தால் அந்த இடத்தில் முடிச்சு நிற்கும். ஆடி அதை அவிழ்க்க முடியாது. ஸ்டூல் போட்டு ஏறிக் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஆள் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும் என்பதும் அதனால்தான். ஒருத்தி போனால் ஏழு பேரை வைத்து ஆட முடியாது. புதிதாக ஒருத்தியைப் போட்டாலும் அவள் அடவை மனப்பாடம் செய்தால் தீர்ந்துவிடாது. எதிரில் வருகிற நால்வரையும் ஒழுங்கு மாறாமல் தெரிந்திருக்க வேண்டும், அந்த நால்வருக்கும் இவள் வேகம் பழக வேண்டும். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் “போட்டுக்கலாம்” என்றது இதைத்தான்.

கலை ஆசிரியை இதை எதையும் என்னிடம் விளக்கவில்லை. பின்னால் ஒத்திகையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை என்பதற்கும் எனக்கு விடை தெரியும். பகுதிநேர ஆசிரியர்கள் 2012-இல் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள். பணி நிரந்தரம் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒத்திகைக்காக அந்த மூன்று அரை நாளைத் தாண்டித்தான் அவர் வந்துகொண்டிருந்தார். அப்படி ஒருவர் நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரிடம் சொல்கிற “சரி சார்” என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டேன். தலைமை ஆசிரியரிடம் கேட்டிருந்தாலும் என் பக்கம்தான் சொல்லியிருப்பார். என்எம்எம்எஸ்ஸில் எத்தனை பேர் என்பது மேலிடத்துக்குப் போகிற கணக்கு. கோலாட்டம் எந்தப் படிவத்திலும் வராது.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டையும் செய்யட்டும், பிள்ளைகளுக்கு எல்லாம் வேண்டும் என்று பேசுவது சுலபம். அந்த வாரத்தில் மாலையில் இருந்தது ஒரு மணி நேரம். அதை யாராவது பங்கு போட்டாக வேண்டும். யாரும் போடாவிட்டால் அது பிள்ளையின் தலையில் விழும். அவள் இரண்டு ஆசிரியருக்கும் தலையாட்டிவிட்டு இரண்டு இடத்திலும் பாதி நேரம் நிற்பாள். அதைவிட நான் சொன்னது மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது அதையில்லை. “அவங்கள ஏன் கேக்கல” என்பதற்கு மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டலாம். எம்ஏடியில் அந்தப் பிள்ளை ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தாள், மற்ற இருவரும் முப்பதை ஒட்டி நின்றார்கள். மூவரையும் எடுத்தால் கோலாட்டமே கிடையாது, ஒருத்தியை எடுத்தால் சமாளிக்கலாம். சரியான கணக்குத்தான். ஆனால் முப்பதில் நிற்கிற பிள்ளைக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் கூடுதலாகத் தேவை, ஐம்பதில் இருப்பவள் தானே ஏறிவிடுவாள் என்றும் இதே கணக்கைப் போடலாம். அன்றைக்கு அந்த எண்ணம் எனக்கு வரவேயில்லை.

ஏப்ரலில் முடிவு வந்தது. அந்தப் பிள்ளை பெயர் பட்டியலில் இருந்தது. ஆடிய இருவரில் ஒருத்தி இரண்டு தாளும் சேர்த்துத் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தாள், பட்டியலில் வரவில்லை. ஒத்திகை நாட்களில் நடத்திய பகடையும் நீர் பிம்பமும் அவளுக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் வந்திருப்பாளா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. போட்டுப் பார்த்தேன், வந்திருக்க மாட்டாள் என்றுதான் வந்தது. எனக்கு வேண்டிய விடை என்பதால் அதை நம்புகிறேனோ என்னவோ.

விழாவன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எட்டாவது கயிற்றைப் பிடித்தாள். அவிழ்க்கும்போது ஓர் இடத்தில் முடிச்சு விழுந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கலை ஆசிரியை பிள்ளைகளை அப்படியே கயிற்றை விடச் சொல்லிக் கும்மிக்கு மாற்றிவிட்டார். பார்த்தவர்கள் அதையும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இதையும் சொல்ல வேண்டும்: தேர்வாகியும் பணம் வராமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அந்த மாலை நேர இழுபறியெல்லாம் அற்பமாகிவிடும். பட்டியலில் பெயர் வந்த பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒன்பதாம் வகுப்பில் பதிய வேண்டும். அதை உயர்நிலைப் பள்ளிதான் சரிபார்த்து அனுப்ப வேண்டும். எங்கள் கையிலிருந்து அப்போதே போய்விடும். அங்கே ஆதார், எமிஸ் எனும் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், எமிஸில் தலைப்பெழுத்து, வங்கியில் தலைப்பெழுத்து பின்னால். கணக்கில் ஆதார் இணைக்கப்படாமலும் இருக்கும். தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை கிடையாது என்பதையும் யாரும் பெற்றோரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே டிசி கொடுக்கும்போதே மூன்று நகலையும் வாங்கி எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்து, பிழையிருந்தால் மே மாதத்துக்குள் ஆதார் மையத்துக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், எஸ்சி, எஸ்டி என்றால் 55 சதவீதம் எடுத்தால்தான் தொடரும் என்றும் ஒரு தாளில் எழுதி டிசியோடு பின் பண்ணிக் கொடுத்துவிடுவோம்.

இந்த ஆண்டும் பின்னல் கோலாட்டம்தான். பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். எட்டுப் பேரும் ஆறாம், ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பிலிருந்து ஒருத்திகூட இல்லை. “பரீட்சைக்கு எடஞ்சலா இருக்க வேணாம்னுதான் சார்” என்றார். குரலில் குத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ்ஸுக்கு விண்ணப்பிக்கவே விண்ணப்பிக்காத பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “சார், நாங்க பரீட்சையும் எழுதல, எங்கள ஏன் டான்ஸுக்குச் சேர்க்கல?” என்று அவர்கள் வந்து கேட்பது கலை ஆசிரியையிடம் இல்லை, என்னிடம். டீச்சரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பேசவில்லை.