மட்டக்களப்பிலிருந்து அமெச்சூர் கோல்ப் தொடருக்கு: ஹேண்டிகேப் எடுப்பது முதல் கார்ட் ஒப்படைப்பது வரை

மாதக்கணக்கில் சுவிங் பழகிய ஒருவர், ஸ்கோர் கார்டில் ஒரு குழிக்கு 6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று இருந்ததைக் கவனிக்காமல் ஒப்பமிட்டதால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். இப்படிப் போகும் நாள் மனதை மிகவும் நோகச் செய்யும். பரீட்சைக்குப் பாடத்தோடு விடைத்தாள் எழுதும் முறையையும் படிப்பது போல, கோல்ப் தொடருக்கும் அடியோடு சேர்த்து விதியையும் கணக்கையும் படித்தாக வேண்டும். மைதானத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டிய மட்டக்களப்பு, அம்பாறை ஆட்டக்காரருக்கு இது இரட்டிப்பு முக்கியம். வீட்டிலிருந்தே முடிக்கக்கூடிய பாதி வேலை இதுதான்.

முதலில் ஹேண்டிகேப், அதாவது உங்கள் திறனைக் காட்டி, ஸ்கோரில் எத்தனை அடி சலுகையாகக் கழிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் இலக்கம். 2020இல் உலக ஹேண்டிகேப் முறை வந்தபின் கணக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். இலக்கம் பெற 54 குழிகளின் ஸ்கோர் வேண்டும்; 18 குழிச் சுற்றாக மூன்று, அல்லது 9 குழிச் சுற்றுகளாகச் சேர்த்தும் கொடுக்கலாம். தனியே ஆடிய சுற்று செல்லாது. கூட ஆடியவர் மார்க்கராக, அதாவது ஸ்கோரை எழுதிச் சாட்சி சொல்பவராக, ஒப்பமிட வேண்டும். நமக்குப் பக்கமாக இருப்பது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் மைதானம். A15 வீதியில் வாழைச்சேனை, வாகரை, மூதூர், கிண்ணியா வழியே போய்ச் சேரலாம். படை வளாகம் என்பதால் முன்கூட்டியே அழைத்து நேரம் கேட்டு, தேசிய அடையாள அட்டையோடு போங்கள். ஒரு வார இறுதியில் சனி ஒரு சுற்று, ஞாயிறு ஒரு சுற்று என்று திட்டமிட்டால் இரண்டு பயணத்தில் மூன்று கார்டும் கையில் இருக்கும். ஆனால் இலக்கத்தைப் பதிவுசெய்து தருவது ஒரு கழகம்தான். எந்தக் கழகத்தின் வழியாகப் பதிவது என்பதைச் சுற்றுகளை ஆடும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படிப் போகிறது என்று ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. ஒரு மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் அடிகள்) 71.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்ற அளவு) 125 என்று வைப்போம். பந்தை 104 தடவை அடித்துச் சுற்றை முடித்தால், 104இலிருந்து 71.2ஐக் கழிக்க 32.8. அதை நியம ஸ்லோப்பான 113ஆல் பெருக்கி 125ஆல் வகுக்க 29.7. இதுதான் அந்தச் சுற்றின் வித்தியாச இலக்கம். மூன்று சுற்றுக்கு 29.7, 31.4, 33.1 வந்தால், மிகக் குறைந்ததிலிருந்து 2.0 கழித்து 27.7 ஹேண்டிகேப் இன்டெக்ஸ் ஆகும். சுற்றுகள் கூடக் கூடக் கணக்கு மாறி, கடைசியில் அண்மைய 20 சுற்றில் சிறந்த 8இன் சராசரியில் வந்து நிற்கும். உச்சவரம்பு 54.0. ஆகவே “நான் இன்னும் தேறவில்லை” என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை.

இன்டெக்ஸ் 27.7 என்பதால் எல்லா மைதானத்திலும் 28 அடி சலுகை கிடைக்கும் என்று நினைப்பது பரவலான பிழை. போட்டி நடக்கும் மைதானத்தின் ஸ்லோப் 120, ரேட்டிங் 68.4, பார் (18 குழிக்கும் எதிர்பார்க்கும் மொத்த அடி) 70 என்றால், 27.7ஐ 120ஆல் பெருக்கி 113ஆல் வகுத்து, வரும் 29.4உடன் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமான −1.6ஐச் சேர்க்க 27.8 வரும். தனிநபர் அடி எண்ணும் ஆட்டத்துக்கு அதில் 95 சதவீதம் என்பதே பரிந்துரை, அதாவது 26. ஒவ்வொரு குழிக்கும் ஒரு அடி, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (சலுகை அடிகளைப் பங்கிடும் குழி வரிசை) 1 முதல் 8 வரையான குழிகளுக்கு இன்னொரு அடி. எந்தக் குழிக்கு எத்தனை என்று முதல் நாள் இரவே குறித்து வையுங்கள். குறிப்பாக ஒவ்வொரு குழிக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் ஆட்டத்தில் இது பெரிய உதவி: சலுகை கழித்தபின் பாருக்கு 2 புள்ளி, பேர்டிக்கு (பாரை விட ஒரு அடி குறைவு) 3, போகிக்கு (ஒரு அடி கூடுதல்) 1, அதற்கு மேல் சுழியம். புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துவிட்டு அடுத்த குழிக்கு மூச்சைச் சேமிக்கலாம். அடி எண்ணும் ஆட்டத்தில் அப்படி எடுக்கவே கூடாது. பந்து குழிக்குள் விழாமல் அடுத்த குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) அடித்தால் நீக்கம்தான். நண்பர்களோடு ஆடும்போது “அது விழும், எடு” என்று விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அதனால் விண்ணப்பத்தோடு வரும் போட்டி நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். கிராஸ் (சலுகை கழிக்காத ஸ்கோர்) பரிசா நெட் (சலுகை கழித்த ஸ்கோர்) பரிசா, ஹேண்டிகேப் பிரிவுகள் எந்த இலக்கத்தில் வெட்டப்படுகின்றன, எந்தத் திகதியின் இன்டெக்ஸ் கணக்கில் வரும், தொடர் முழுவதற்குமான தரவரிசையில் எத்தனை போட்டிகளின் புள்ளி எடுக்கப்படும் என்பவை கட்டாயம். கடைசிக் கேள்விக்கான விடைதான் உங்கள் பயணச் செலவைத் தீர்மானிக்கும். எல்லாப் போட்டிக்கும் போக வழியில்லாதவர் எதை விடுவது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்யலாம். பரிசு பற்றியும் ஒரு கவனம்: 2022இன் அமெச்சூர் விதிப்படி நெட் போட்டியில் பணப்பரிசு வாங்கக்கூடாது. கிராஸ் போட்டியில் 1000 அமெரிக்க டொலர் அல்லது 700 பிரித்தானியப் பவுண் வரை பணம் வாங்கலாம்.

இனி பயிற்சி. மைதானம் தூரமாக இருப்பவர் டிரைவர் என்னும் நெடுந்தூரக் கோலை நினைத்து ஏங்குவது வீண். 100 யாருக்குள் இருக்கும் அடிகளை இங்கேயே பழகலாம். பங்கர் என்னும் மணற்குழி அடிக்குக் கல்லடிக் கடற்கரையை விடச் சிறந்த இடம் கிடையாது. அலை தொடும் ஈர மணல் இறுகிக் கிடக்கும், அங்கே வேண்டாம். மேலே உலர்ந்த மணலில் ஒரு கோடு கீறி, பந்தே வைக்காமல், சாண்ட் வெட்ஜ் என்னும் மணலுக்கான கிளப்பின் (அடிகோலின்) முகத்தைத் திறந்து பிடித்து, கோட்டில் மணலை அள்ளி எறியுங்கள். பத்தில் எட்டு முறை கிளப் கோட்டிலேயே இறங்கும்வரை பந்து வேண்டியதில்லை. பிறகு பந்தைக் கோட்டுக்கு முன்னால், 5 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். கரைவலை இழுக்கும் நேரத்தையும் ஆள் நடமாட்டத்தையும் தவிருங்கள். ஆனால் போட்டியில் பங்கருக்குள் நின்று பயிற்சி வீச்சில் மணலைத் தொட்டால் 2 அடி தண்டம். கடற்கரைப் பழக்கம் கையோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிப்பிங் என்னும் குட்டை அடிக்கு அறுவடை முடிந்த வயல் நல்லது. இறுகிய தரையில் கிளப் பந்துக்கு முன்பே மண்ணில் பட்டால் கை அதிரும். அந்த அதிர்வே ஆசிரியர். பட்டிங்கை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியை, சீமெந்துத் தரையில் பழகாதீர்கள், வேகம் பொய் சொல்லும். தடித்த கம்பளத்தில் 3, 6, 9 காலடித் தூரங்களை மாற்றி மாற்றி அடியுங்கள். உண்மையான கிறீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை) புல் சாய்ந்திருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பளபளப்பாகத் தெரிந்தால் பந்து புல் சாய்வோடு வேகமாக ஓடும், கறுத்துத் தெரிந்தால் எதிர்த்து நின்றுவிடும்.

காற்றை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தரை காய்ந்து பந்து விழுந்தபின் நெடுந்தூரம் உருளும். அப்போது கிறீனுக்கு முன்னால் விழவைத்து உருட்டுவதே புத்தி. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்தின் சுழற்சி கூடி மேலே எழும்பி நின்றுவிடும். வழக்கத்தை விட ஒரு படி கூடுதல் தூரம் போகும் கிளப் எடுத்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். நுவரெலியாவில் நிலைமை வேறு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் பந்து 6, 7 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். 150 யார் போகும் கிளப் 160ஐத் தொடும். பயிற்சிச் சுற்று இல்லாமல் அங்கே நேரே போட்டியில் இறங்குவது தூரக்கணக்கைக் கைவிடுவதற்குச் சமம்.

திகணை விக்டோரியா மைதானத்துக்கு நம் பக்கத்திலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, பதினெட்டு வளைவு வழியே போகலாம். வளைவு ஏறியவுடன் வயிறு கலங்கிய நிலையில் டீயில் நிற்க முடியாது, ஆகவே முதல் நாளே போய்ச் சேருங்கள். சரிவில் பந்து பாதத்துக்கு மேலே கிடந்தால் வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும், கீழே கிடந்தால் வலப்பக்கம் போகும். தட்டையான கிழக்குத் தரையில் பழகியவருக்கு இது புதிய பாடம். கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் கொழும்புக் கழகத்துக்கு உதயதேவியில் போவதானால் பைக்கு மூடியுள்ள பயண உறை எடுங்கள். அதன் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் பாதை ஓடுவதால் அங்கேயுள்ள உள்ளூர் விதியையும் படித்து வையுங்கள்.

போட்டி நாளில் எண்ணவேண்டியது முதலில் கிளப். 14க்கு மேல் இருந்தால் ஒரு குழிக்கு 2 அடி, சுற்றுக்கு அதிகபட்சம் 4 அடி தண்டம். பயிற்சிக்கு எடுத்த பழைய வெட்ஜ் பையிலேயே கிடப்பதுதான் வழக்கமான காரணம். பந்தில் உங்கள் அடையாளம் போடுங்கள். ஆட்ட நேரத்துக்கு 5 நிமிடம் வரை பிந்தினால் 2 அடி, அதற்கு மேல் நீக்கம். பந்தைத் தேட 3 நிமிடம்தான். தொலைந்திருக்கலாம், அல்லது எல்லையைக் காட்டும் வெள்ளைக் கட்டைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால் உடனே “புரொவிஷனல் (தற்காலிகப்) பந்து அடிக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லி அடியுங்கள். சொல்லாமல் அடித்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், பிறகு முதல் பந்து நடுப்புல்லில் கிடந்தாலும் பயனில்லை. விதிப்படி பந்தைக் கையிலிருந்து தரையில் விழவிட வேண்டிவந்தால் (டிராப்) முழங்கால் உயரத்திலிருந்து விடுங்கள். எதிராளியிடம் குழி எவ்வளவு தூரம் என்று கேட்கலாம், எந்தக் கிளப் எடுத்தீர்கள் என்று கேட்டால் 2 அடி.

நடக்கும் தூரம் 8 முதல் 10 கிலோமீற்றர், நேரம் நாலு மணிக்கு மேல். தேசிக்காய் உப்புத் தண்ணீரை இரண்டு குழிக்கு ஒருமுறை குடியுங்கள், தாகம் வரும்வரை காத்திராதீர்கள். 9ஆம் குழி முடிந்ததும் ஒரு வாழைப்பழமோ சோற்று உருண்டையோ உள்ளே போகட்டும். ஸ்கோர் சமமானால் பல போட்டிகளில் கடைசி 9 குழி, பிறகு கடைசி 6, 3, 18ஆம் குழி என்று பின்னாலிருந்துதான் பார்ப்பார்கள். பின்பாதியில் களைத்தவர் அங்கேதான் பரிசை விடுகிறார்.

18ஆம் கிறீனை விட்டு இறங்கியதும் படம் எடுக்கப் போகாமல், நிழலில் மார்க்கரோடு அமருங்கள். கார்டில் உங்கள் ஸ்கோரை எழுதியவர் அவர். கூட்டுத்தொகையும் ஹேண்டிகேப்பும் ஏற்பாட்டுக் குழுவின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு ஒவ்வொரு குழியின் இலக்கம். அவர் வாசிக்க, நீங்கள் டீயிலிருந்து ஒவ்வொரு அடியாக நினைத்துச் சரிபாருங்கள். உண்மையை விடக் கூடுதலாக எழுதியிருந்தால் கூடுதல் இலக்கமே நிற்கும், குறைவாக எழுதியிருந்தால் நீக்கம். இருவர் ஒப்பமும் இருக்கிறதா என்று பார்த்து, கையில் கொடுத்த பின்பே எழும்புங்கள்.