வலையின் நீலம்

தனுஷ்கோடியில் எடுத்த படம் இது. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர், அதன் அடியில் யாரோ குவித்து வைத்திருந்த நீல நைலான் வலை. சுவரைக் கறுப்பு வெள்ளையாக்கி, வலைக்கு மட்டும் நிறம் விடலாம் என்று உட்கார்ந்தேன்.

போட்டோஷாப்பில் வேலை சுலபம்தான். மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர், அதாவது அசலைத் தொடாமல் படத்தைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் ஓர் அடுக்கு. அந்த அடுக்கு எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது அதன் மாஸ்க். அதில் கறுப்பு பிரஷால் தடவினால் அந்த இடத்தில் நிறம் திரும்பிவிடும். ஆனால் முதல் தடவை வலை கத்தரித்து ஒட்டியது மாதிரி நின்றது. கல்யாண ஆல்பத்தில் ரோஜா மட்டும் சிவப்பாக இருக்குமே, அதே கொடுமை.

அப்புறம்தான் அசல் படத்தை உற்றுப் பார்த்தேன். வலையின் நீலம் பக்கத்துக் கல்லின் துளைகளிலும் மணலிலும் லேசாகப் படிந்திருந்தது. பிரஷின் ஓரத்தை மென்மையாக்கி, ஒரு தடவலில் விழும் மையின் அளவான ஃப்ளோவை 10 சதவீதத்துக்குக் குறைத்து, அங்கேயும் நாலைந்து தடவை தடவினேன். மாஸ்க் சாம்பலாக இருக்கும் இடத்தில் நிறம் பாதிதான் வரும். அந்தப் பாதிதான் வேண்டியிருந்தது. லேயரின் ஒபாசிட்டியையும், அதாவது அடர்த்தியையும், 85 சதவீதத்துக்கு இறக்கியதில் வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம்.

பாம்பனில் மாமாவிடம் காட்டினேன். “படம் கிடக்கட்டும் மாப்ளே, கிழிஞ்ச வலைய முடிஞ்சு சரிபண்ணாம அப்படியே போட்டிருக்கான் பாரு” என்றார்.