வருமானம் வந்த வழி

பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்த காலத்தில் ஒரு தரகு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். விற்றவரின் கையெழுத்து, பங்கை வெளியிட்ட நிறுவனத்திடம் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் பங்குகள் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பிவிடும். இளநிலை ஊழியர்களின் பொழுதெல்லாம் அதைச் சரிசெய்வதிலேயே கழியும். 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரைக்குப் பங்கு வணிகத்தைக் கொண்டுவந்ததும், 1996-ஆம் ஆண்டின் டெபாசிட்டரிச் சட்டத்துக்குப் பிறகு பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குகள் பரவியதும் அந்த வேலைக்கு முடிவு கட்டின. இத்துறையில் ஓய்வுபெற்றவர்கள் கூடினால் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ, காகிதம் போனதைவிட எங்களுக்கு வருமானம் வந்த வழி மாறியதே பெரிதாகத் தோன்றுகிறது. வாடிக்கையாளருக்கு நாங்கள் சொன்ன யோசனையின் தரத்தை அதுவே தீர்மானித்தது.

தரகு நிறுவனத்துக்கு வாங்கினாலும் விற்றாலும் கமிஷன் உண்டு. ஆகவே, எதையும் செய்யாமல் பொறுத்திருங்கள் என்ற யோசனை அங்கே யார் வாயிலிருந்தும் எளிதில் வராது. பின்னர் நான் சேர்ந்த, பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில் நிர்வகிக்கும் தொகையின் அளவைப் பொறுத்துக் கட்டணம் கிடைத்தது. அடிக்கடி வாங்கி விற்கும் தூண்டுதல் அங்கே குறைவு. தொகையைப் பெருக்கும் ஆசை அதிகம். 2000-ஆம் ஆண்டையொட்டித் தகவல் தொழில்நுட்பப் பங்குகள் உச்சத்தில் இருந்தபோது, அத்துறைக்கென்றே புதிய திட்டங்கள் வந்ததற்கு ஆய்வாளர்களின் நம்பிக்கையைவிட விற்பனைப் பிரிவின் அவசரமே காரணம் என்பது என் கணிப்பு.

அதன்பின் இத்தகைய திட்டங்களை மக்களுக்கு விற்றுத்தரும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோக நிறுவனம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினேன். அன்று பங்குத் திட்டங்களில் 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணம் பிடிக்கப்பட்டது. ஒருவர் 1,00,000 ரூபாய் போட்டால் 2,250 ரூபாய் முதலிலேயே கழிந்து, அதில் பெரும்பகுதி விநியோகஸ்தருக்கு வரும். பழையதை விற்றுப் புதியதில் சேரச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கமிஷன் மறுபடி கிடைத்ததால், புதிய திட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் யூனிட் (திட்டத்தின் ஒரு பங்கு) மலிவானது என்ற தவறான எண்ணத்தைத் திருத்துவதில் சந்தையில் யாருக்கும் அக்கறை இல்லை.

2009 ஆகஸ்டில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அந்த நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. பலர் தொழிலை விட்டே போனார்கள். முதலீடு தொடரும்வரை ஆண்டுதோறும் வரும் டிரெயில் கமிஷனைத்தான் மற்றவர்கள் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அது அரை சதவீதம் என்று கொண்டால் அதே ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். புதிய பணத்திலிருந்து வரும் வருமானம் சுருங்க, சம்பளமும் வாடகையும் மட்டும் அப்படியே நின்ற அந்தக் காலத்தில்தான், வெளியிலிருந்து ஆண்டறிக்கை படிப்பதற்கும் உள்ளே இருந்து மாதக் கடைசியைச் சந்திப்பதற்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த விதி சரியானது என்றே அன்றும் கருதினேன். 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, விற்காமல் பொறுத்திருங்கள் என்று நாங்கள் சொன்னது வாடிக்கையாளரின் நலனோடு எங்கள் வருமானத்தையும் காத்தது. அதை எங்கள் நற்குணம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2013-இல் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்களும் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிகளும் வந்தன. வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கும் முறைதான் நேர்மையானது என்றாலும், கண்ணுக்குத் தெரியாமல் கழியும் தொகையைப் பொறுத்துக்கொள்பவர்கள் கையில் தரும் பில்லுக்குப் பேரம் பேசுவார்கள் என்பதால், கடைசிவரை விநியோகஸ்தராகவே இருந்துவிட்டு, நிறுவனத்தை உடன் பணியாற்றியவர்களுக்கே விற்றேன். என் சொந்தப் பணம் இப்போது நேரடித் திட்டங்களில்தான் இருக்கிறது. வாங்கியவர்களுக்கும் அது தெரியும்.