பாப்பாவுக்குப் பல் விளக்குவது: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜூன் 9, 2024

சாயங்காலம் பாப்பா கொட்டாவி விட்ட நேரம் பார்த்து வாய்க்குள் டார்ச் அடித்தேன். காலையில் ஊட்டிய இட்லி வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பசையாக அப்பிக் கிடக்கிறது. நமக்கென்றால் நாக்கே துழாவி எடுத்துவிடும். அவள் நாக்குக்கு முன்னால் தள்ளத்தான் தெரியும், பக்கவாட்டில் போகாது. பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம். அப்படியென்றால் கையும் காலும்தான் என்று ஊரில் நினைக்கிறார்கள். நாக்கும் தசைதானே. எச்சில் வடிவதும் அதனால்தான். ஊறுவது எல்லோருக்கும் ஊறுகிற அளவுதான், விழுங்கத்தான் முடியவில்லை.

கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்புப் பொட்டு. அவள் கொஞ்ச நாளாகச் சோறு தின்ன அழுததை அடம் என்று எடுத்துக்கொண்டவர்கள் இந்த வீட்டில் எல்லோரும்தான்.

ஜூன் 13

பாலக்காட்டில் பல் டாக்டரம்மா. இதற்கு முன் பார்த்த ஓரிடத்தில், மயக்கம் கொடுக்காமல் வாயையே பார்க்க முடியாது என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இந்த அம்மா பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் உட்காரும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். மல்லாக்கப் படுக்கப்போடக் கூடாது, தலை பின்னால் சாயக் கூடாது. தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நான் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை என் நெஞ்சில் தாங்கிக்கொள்ள வேண்டும். தாடை லேசாகக் கீழே பார்க்க வேண்டும். இடது கை அவள் தாடைக்கு அடியில், வலது கையில் பிரஷ்.

அப்படி உட்கார வைத்ததும் அவள் உடம்பின் விறைப்பு பாதி இறங்கியதை என் நெஞ்சிலேயே உணர்ந்தேன். இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து விளக்கியது மல்யுத்தம்.

ஜூன் 16

சைக்கிள் கடையில் கூட்டமில்லை. பிரஷ் தண்டு மெலிசு. அவள் விரல்கள் மடங்கியே இருப்பதால் நழுவிவிடும். புது சைக்கிள் கைப்பிடி ஒன்றை எடுத்தேன். அது 22 மி.மீ. ஹேண்டில்பாருக்குச் செய்தது, உள்ளே பிரஷ் லொடலொட என்று ஆடியது. டியூபை நாடாவாக வெட்டித் தண்டில் இறுக்கச் சுற்றிச் செருகியதும் கல் மாதிரி நின்றது. முஷ்டியால் பிடித்துக்கொள்கிறாள். மேலே என் கை. முன்பல்லை அவள் தொடுவாள், மீதி என் வேலை. பேஸ்ட் மெலிசாகத் தடவினால் போதும், அவளுக்குத் துப்பத் தெரியாது. நுரையை ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடுகிறோம்.

ஜூன் 22

இன்றைக்குக் கடித்துக்கொண்டாள். வேண்டுமென்று கடிப்பதில்லை, பட்டதும் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும். "இழுடா, முழுங்கிறப் போறா!" என்று அம்மா கத்தினாள். இழுத்தால் பூட்டு இன்னும் இறுகும், பல்லும் உடையலாம். பிரஷ்ஷை அசைக்காமல் வைத்துக்கொண்டு காதோரத் தாடை மூட்டை மெதுவாகத் தடவினேன். தானாக விட்டாள். பற்களுக்கு நடுவில் விரல் வைப்பது இனி யாருக்கும் கிடையாது. கரண்டி அறவே கூடாது. ஐஸ்குச்சிகளை அடுக்கி கட்டுப் போடும் காஸ் துணி சுற்றி பிளாஸ்திரி போட்டதைக் கடைவாயில் கொடுத்தால் உள்பக்கமும் விளக்க முடிகிறது.

ஜூலை 2

இனிப்புக்கு யாரைத் திட்டுவது? வலிப்பு மருந்தே சர்க்கரைப் பாகு. ராத்திரி பல் விளக்கி முடித்த பிறகு அதை ஊட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது முதலில் மருந்து, அப்புறம் பிரஷ். முன்பு கொடுத்துவந்த ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தில் ஈறு தடித்துப் பல் மேல் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்காக எந்த வலிப்பு மருந்தையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது, நரம்பு டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 21

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னைகளை ஆட்டி எடுக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பட்ஸ் பள்ளியில் பெற்றோர் கூட்டம். குழாய் வழியாக உணவு கொடுக்கும் பையனின் அம்மா கேட்டார்: "ஏனுங்ணா, வாயில ஒண்ணுமே போறதில்லீங்களே, எதுக்குங்க பிரஷ்ஷு?" அவனுக்குத்தான் கூடுதலாகத் தேவை. மென்று தின்னாத பல்லில் காறை சீக்கிரம் படியும். அதில் வளரும் கிருமியோடு எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. சொன்னதும் அவர் முகம் மாறியது.

நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றியும் பேச்சு வந்தது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை. பல் பராமரிப்பும் அதில் சேர்த்தி. காகிதம் சேர்ப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும், ஆனாலும் விடக் கூடாது.

ஜூலை 27

சொத்தையை அடைத்தாயிற்று. மற்ற பல்லுக்கெல்லாம் ஃபுளோரைடு வார்னிஷ், சொத்தை வராமல் தடுக்கும் பூச்சு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பேத்தி வாயைப் பார்த்தாள். "ஏன் சாமி, காசும் குடுத்து, பஸ்ஸும் ஏறிப் போயி, பல்ல மஞ்சளாக்கிட்டு வந்திருக்கறயே?"

இன்றைக்கு ராத்திரி மட்டும் விளக்கக் கூடாது, நாளைக்குக் காலையில் விளக்கினால் போய்விடும் என்றேன். நம்பவில்லை.